பத்தடி தள்ளிக் கேட்க வேண்டிய கிதார்

முதல் கார்டை, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அந்த ஒரு பிடியை, வாசித்ததுமே எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

இருபது வருடமாகப் படங்களில் மட்டும் பார்த்து ஏங்கிய கிதார் அது. 1930களின் கடைசியில், நியூயார்க் கென்மேர் தெருவில், ஜான் டாஞ்செலிகோ என்ற கைவினைஞர் தன் கையால் செதுக்கிச் செய்த ‘நியூயார்க்கர்’, ஆர்ச்டாப் என்ற வளைமுகப்பு வகை. மன்ஹாட்டனில் ஒரு மாடிக் கடையில் விற்பனைக்கு வந்திருப்பதாகத் தெரிந்ததும் நியூ ஜெர்சியிலிருந்து ரயில் ஏறிவிட்டேன். வாங்கும் வசதி எனக்கு இல்லை. கடைக்காரரிடம் போனிலேயே அதைச் சொல்லிவிட்டேன். “பரவாயில்லை, வந்து வாசித்துப் பாருங்கள், வாசிக்காமல் வைத்திருந்தால் அதற்கும் நல்லதில்லை” என்றார்.

உடல் மட்டும் 18 அங்குல அகலம். மடியில் வைத்தால் வலது தோளை உயர்த்தி, முழங்கையை மேலே ஏற்றினால்தான் தந்திக்குக் கை எட்டுகிறது. ஜி கார்டைப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். டக்கென்று வறண்ட சத்தம் ஒன்று வந்தது, உடனே அடங்கியது. என் வீட்டிலிருக்கும், முகப்பு தட்டையான சாதாரண ஃபிளாட்டாப் கிதாரில் இதே ஜி பிடித்தால் அறை நிரம்பும், மரம் வயிற்றோடு சேர்ந்து அதிரும். இது ஏதோ அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி இருந்தது. இவ்வளவு காசு கொடுத்து ஏன் வாங்குகிறார்கள் என்றுகூட அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

மதுரையிலிருந்து என் தம்பி வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கியிருந்தான். ஊரைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று அவனையும் அழைத்துப் போயிருந்தேன். அவனுக்கு ஜாஸும் தெரியாது, கிதாரும் தெரியாது. கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணே, அது என்னது? இன்னொரு தடவ வாசிங்க.”

வாசித்தேன். எனக்கு அதே அட்டைப்பெட்டிதான். ஆனால் அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், இளமையில் நடனக் கூடங்களில் வாத்தியக் குழுக்களுக்கு வாசித்தவர். என்னிடமிருந்து கிதாரை வாங்கிக்கொண்டு, “நீங்கள் அங்கே போய் உட்காருங்கள்” என்று தம்பிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அதே ஜி கார்டைத்தான் அவரும் பிடித்தார். நாலு தட்டு, ஒரே சீராக. பிறகு இரண்டு சுரம் இறங்கி இன்னொரு நாலு தட்டு.

பத்தடி தூரத்தில் அது வேறு கிதாராக இருந்தது. ஒவ்வொரு தட்டும் தனியாகப் புறப்பட்டு வந்து எதிரே நின்றது. தாழ்ந்த சுரங்களில் இரைச்சல் இல்லை. மேல் சுரங்களில் நன்றாகத் தேய்த்த பித்தளைப் பாத்திரத்தைச் சுண்டியது போல ஒரு மினுக்கம். அவர் மெதுவாகத்தான் வாசித்தார். சத்தம் மட்டும் கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரை போனது.

திருவிழாவில் நாகசுரக்காரருக்கு ஒட்டினாற்போல் நின்றவர்களுக்கு இது புரியும். பக்கத்தில் நின்றால் காது அடைக்கும். இரண்டு தெரு தாண்டி வந்து சேரும்போதுதான் அதன் இனிமை தெரியும். வாசிப்பவருக்காகச் செய்யாமல் தூரத்தில் இருப்பவருக்காகச் செய்த வாத்தியங்கள் உலகத்தில் உண்டு. இந்தக் கிதாரும் அந்தச் சாதி என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருடம் இதைப் பற்றிப் படித்ததெல்லாம் அதன் பிறகுதான் ஒழுங்காக மனதில் உட்கார்ந்தது.

நாம் சாதாரணமாகப் பார்க்கும் கிதாரில், தந்திகள் முகப்புப் பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற சிறு கட்டையிலேயே கட்டப்பட்டிருக்கும். தந்தி பலகையை முன்னால் இழுக்கிறது, பலகை அசைந்து நீண்ட நேரம் ஒலிக்கிறது. ஆர்ச்டாப்பின் கதை வேறு. அதன் முகப்பு வயலின் மாதிரி வளைந்து எழும்பியிருக்கும், நடுவில் வட்டத் துளை இருக்காது, இரண்டு பக்கமும் ஆங்கில எஃப் எழுத்து வடிவத்தில் துளைகள். பிரிட்ஜை ஒட்டவே மாட்டார்கள். தந்திகள் அதன் மேலே ஏறி இறங்கி, கிதாரின் அடிநுனியில் மாட்டிய டெயில்பீஸ் என்ற உலோகப் பட்டையில் போய்க் கட்டப்படுகின்றன. எல்லாத் தந்திகளையும் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். ஆக, தந்தி பலகையை இழுப்பதில்லை, கீழே அமுக்குகிறது. அந்த அமுக்கத்தால்தான் ஒலி சட்டென்று கிளம்பி, முன்பக்கமாகப் பாய்ந்து, சட்டென்று முடிகிறது.

அந்த வளைவு வளைத்து எடுத்ததல்ல. ஸ்ப்ரூஸ் மரத்தின் ஒரே துண்டை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரித்தாற்போல் பக்கம் பக்கமாக ஒட்டி, அந்தத் தடித்த பலகையை உளியாலும் சிறு இழைப்புளியாலும் செதுக்கிச் செதுக்கியே வளைவைக் கொண்டு வருகிறார்கள். நடுவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனம், ஓரத்துக்கு வரும்போது அதில் பாதி. பின்பலகையும் அப்படித்தான், அது மேப்பிள் மரம். விலை கொடுத்து வாங்கிய மரத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் கிடக்கும். ஓரத்தில் எவ்வளவு மெலிய வைப்பது என்பதுதான் வித்தை. கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால் பலகை தந்தியின் பாரம் தாங்காமல் அமுங்கும், குறைவாக எடுத்தால் ஊமையாகும். அதை அளவுகோல் மட்டும் சொல்லிவிடாது. விரலால் அமுக்கிப் பார்த்து, தட்டிக் காதில் வாங்கித்தான் நிறுத்துவார்கள்.

மரத்தைச் செதுக்கிக் கிதாருக்கு வளைவு கொடுக்கலாம் என்று மிச்சிகன் மாநிலம் கலமசூவில் தொடங்கி வைத்தவர் ஆர்வில் கிப்சன். அவர் பெயரில் 1902ல் நிறுவனம் உருவானது. ஆனால் நாம் இன்றைக்கு ஆர்ச்டாப் என்று சொல்லும் வடிவம் வந்தது 1922ல், அங்கே வேலை பார்த்த லாயிட் லோர் காலத்தில். மாண்டலின் கலைஞர், ஒலியியலில் தோய்ந்தவர். அவர் மேற்பார்வையில் வந்த எல்-5 கிதாரில்தான் எஃப் துளைகள் முதன்முதலில் கிதாருக்கு வந்தன. கழுத்துக்குள் முறுக்கித் திருத்தும் இரும்புக் கம்பி, உயரத்தை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ் என்று அந்தக் காலத்தில் அந்தப் பட்டறையில் உருவான மற்ற நுணுக்கங்களும் அதில் சேர்ந்தன. 1924 டிசம்பரில் லோர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் கையெழுத்திட்ட சீட்டு உள்ளே ஒட்டியிருக்கும் எல்-5 ஒன்று இன்று கிடைத்தால், வாங்கத் துடிப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அன்றைக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் வாத்தியக் குழுக்களில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் ராஜ்யம். கிதார் எழுப்பும் சத்தம் டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் முன்னால் எடுபடாது. 1925க்குப் பிறகு மைக்ரோஃபோன் வைத்து இசைத்தட்டுப் பதிவு செய்யும் முறை வந்தது. அப்போதுதான் பாஞ்சோவின் கரகரப்புக்குப் பதில் கிதாரின் மென்மையும் காதுக்குப் பிடிபட்டது. பிலடெல்பியாவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த எடி லாங், எல்-5ஐ வைத்துக்கொண்டு கிதாருக்கு ஜாஸில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். லானி ஜான்சன் என்ற கறுப்பினக் கலைஞரோடு அவர் 1928, 29ல் வாசித்த இரட்டைக் கிதார் பதிவுகளை இன்றைக்குக் கேட்டாலும் புதிதாக இருக்கின்றன. நிறவெறி உச்சத்திலிருந்த நாட்டில் தட்டின் மேல் தன் பெயரைப் போட முடியாமல், லாங் பிளைண்ட் வில்லி டன் என்ற புனைபெயரில் வாசித்தார். 1933ல், தொண்டையில் டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின், 30 வயதில் இறந்துபோனார். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று அந்தத் தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

இதே எல்-5 ஜாஸோடு நிற்கவில்லை. மலைப்பகுதி நாட்டுப்பாட்டு பாடிய கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர், 1928ல் செய்த எல்-5 ஒன்றைத்தான் காலமெல்லாம் வாசித்தார். அது இப்போது நாஷ்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழுக்கள் பெரிதாகப் பெரிதாகக் கிதாரும் பெருத்தது. 16 அங்குல எல்-5, 1934 வாக்கில் 17 ஆனது. அதே வருடம் 18 அங்குலத்தில் சூப்பர் 400 வந்தது. பெயரிலேயே விலை இருக்கிறது: 400 டாலர், அதுவும் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில். பாஸ்டனில் சார்லஸ் ஸ்ட்ராம்பெர்க்கும் அவர் மகன் எல்மரும் 19 அங்குலம் வரைக்கும் போனார்கள். மின்சாரம் இல்லாமல், மரத்தையும் தந்தியையும் மட்டும் நம்பிப் பன்னிரண்டு ஊதுகருவிகளுக்கு எதிரே நிற்க வேண்டுமென்றால் வேறு என்ன செய்வது?

அப்படி நின்றவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஃப்ரெடி கிரீன். 1937ல் பியானோ கலைஞர் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார், 1987ல் சாகும் வரை அங்கேயேதான் இருந்தார். ஐம்பது வருடம்! தனி ஆவர்த்தனம் என்று அவர் வாசித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவர் வேலை ஒரு தாளக்கட்டுக்கு நாலு தட்டு. பியானோ, பாஸ், டிரம்ஸ், கிதார் நான்கும் ஒரே மூச்சாக நகர வேண்டும், அவ்வளவே. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் எபிஃபோன், ஸ்ட்ராம்பெர்க், கிரெட்ஷ் என்று பெரிய ஆர்ச்டாப்களை மடியில் படுக்கைவாக்கில் சாய்த்து வைத்து வாசித்தார். தந்திகளைப் பலகையிலிருந்து வெகு உயரத்தில் தூக்கிக் கட்டியிருப்பார், மற்றவர்கள் வாங்கி வாசித்தால் விரல் நொந்துவிடும். உயரம் கூடினால் அமுக்கம் கூடும், அமுக்கம் கூடினால் ஒலி தூரம் போகும்.

அவர் பதிவுகளைக் கூர்ந்து கேட்டவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கையில் முழுக் கார்டைப் பிடித்திருந்தாலும் உண்மையில் ஒலிக்க விட்டது பல சமயம் ஒன்றோ இரண்டோ சுரம்தான், பெரும்பாலும் நாலாவது தந்தியில். மற்றத் தந்திகளை விரலால் லேசாகத் தொட்டு அடக்கிவிடுவார். அந்த ஒற்றைச் சுரம் கார்டுக்குக் கார்டு அடுத்த படிக்கு நகர்ந்துகொண்டே போகும். பாட்டுக்கு அடியில் இன்னொரு மெல்லிய பாட்டு. குழு முழுக்க முழங்கும்போது அது காதில் தனியாக விழாது. அது நின்றால்தான் ஏதோ குறைந்துவிட்டது என்று தெரியும். ஆர்ச்டாப் கிதாரை அறைக்குள் தனியாக உட்கார்ந்து எடை போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அது ஒரு கூட்டத்தில் நிற்பதற்காகப் பிறந்தது.

டாஞ்செலிகோவுக்கு வருகிறேன். 1905ல் நியூயார்க்கின் இத்தாலியர் பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் பாட்டன் முறையான ஒருவரிடம் வயலினும் மாண்டலினும் செய்யக் கற்றுக்கொள்ளப் பட்டறையில் சேர்ந்தார். 1932ல் கென்மேர் தெரு 40ஆம் எண்ணில் சொந்தக் கடை போட்டார். முதலில் செய்தவை எல்-5ஐ ஒட்டியவை. சீக்கிரமே தன் கைக்கென்று ஒரு சாயல் வந்துவிட்டது. 17 அங்குல ‘எக்ஸெல்’, 18 அங்குல ‘நியூயார்க்கர்’ இரண்டும்தான் அவர் பெயரை நிலைநாட்டின. மிகச் சுறுசுறுப்பாக வேலை நடந்த 1930களின் பிற்பகுதியில்கூட வருடத்துக்கு 35 கிதார் அளவில்தான் வெளியே வந்தன. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து எண் போட்டவை 1,164. கிப்சனின் கலமசூ தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

அவர் கடைக்கு வருபவர் பெரும்பாலும் வாசிப்பையே பிழைப்பாகக் கொண்டவர். நீ அழுத்தி வாசிப்பவனா, மெல்லத் தடவுபவனா, கை பெரிதா, குழுவில் வாசிக்கிறாயா, வானொலி நிலையத்திலா — இதைப் பொறுத்துக் கழுத்தின் கனமும் பலகையின் மெலிவும் மாறும். தையற்காரர் அளவெடுப்பது மாதிரி. பிறகு ஒரு கணக்கு நோட்டில் எண், மாடல், தேதி, வாங்கியவர் பெயர் என்று எழுதி வைத்தார். அந்த நோட்டுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இன்று ஒரு கிதார் கைக்கு வந்தால், ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதியில் இருக்கும் பெயரைவிட அந்த நோட்டில் எழுதிய ஒரு வரியைத்தான் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். மாதக் கணக்கில் காசு சேர்த்து, கென்மேர் தெருவுக்கு நடந்து வந்து, தன் கிதாரைத் தூக்கிக்கொண்டு அன்றிரவே வேலைக்குப் போன ஒருவர். ஜானி ஸ்மித், செட் அட்கின்ஸ் போன்ற பெரிய பெயர்கள் டாஞ்செலிகோ வாசித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நோட்டில் இருப்பதில் பெரும்பாலானவர்கள் பெயர் வேறு எங்கும் வராதவர்கள்.

கூடவே இருந்த வின்சென்ட் டிசீரியோ 1959ல் விலகிப்போனார். சின்ன வயதிலேயே உதவிக்கு வந்து சேர்ந்த ஜிம்மி டாக்விஸ்டோ கடைசி வரை உடனிருந்தார். இதய நோயோடுதான் டாஞ்செலிகோவின் கடைசி வருடங்கள் போயின. 1964 செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தார், வயது 59. பாதியில் நின்ற கிதார்களை டாக்விஸ்டோ முடித்துக் கொடுத்தார். பிறகு தன் பெயரில் செய்யத் தொடங்கி, உலோக டெயில்பீஸையும் பகட்டு வேலைப்பாட்டையும் கழற்றி எறிந்து, கருங்காலி மரத்தில் எல்லாம் செய்து, ஆசிரியரைத் தாண்டி எங்கோ போனார். 1995ல் அவரும் இறந்தார். அவருக்கும் 59 வயதுதான்.

கடையில் அந்த நியூயார்க்கரை மறுபடி மடியில் வாங்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். தலைப்பகுதியில் முத்துச்சிப்பியில் பதித்த ஒரு வானுயரக் கட்டடம். கிறைஸ்லர் கட்டடம் 1930லும், எம்பயர் ஸ்டேட் 1931லும் எழுந்த ஊர் அல்லவா. டெயில்பீஸ் படிப்படியாக ஏறும் பித்தளை, முலாம் தேய்ந்து விளிம்புகளில் வெளுத்திருந்தது. முகப்பில் கீறல் படாமல் காக்கும் பிக்கார்டு என்ற தகட்டின் ஓரமும் அதே படிக்கட்டு. கழுத்தின் பின்புறம், குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளில் முதல் நாலுக்கு நேரே, லாக்கர் என்ற மேற்பூச்சு முழுக்க உரிந்து மரம் தெரிந்தது. கட்டைவிரல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட தேய்மானம். மேலே அந்த அளவுக்குத் தேய்வில்லை. கீழ் ஃப்ரெட்டுகளிலேயே நாலு தட்டு வாசித்துச் சோறு சாப்பிட்ட மனிதர் அவர் என்று அந்தத் தேய்மானமே சொன்னது.

கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச்சை எடுத்தார். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அந்த வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக மங்கலாக ஒளிரும். பிறகு யாராவது தொட்டுப் பூசியிருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் திட்டுத் தெரியும். எஃப் துளை வழியாகப் பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியை விட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் தாங்குகட்டைகள் விலகியிருக்கின்றனவா என்று காட்டினார். பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பிற்காலத்தில், தந்தியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் வைப்பதற்காக முகப்பில் ஓட்டை போட்டிருக்கிறார்களா? 1940, 50களில் எத்தனையோ நல்ல கிதார்களை இதற்காக அறுத்திருக்கிறார்கள். செதுக்கிய பலகையா, ஒட்டுப்பலகையா? டாஞ்செலிகோவே வெளியிலிருந்து வாங்கிய ஒட்டுப்பலகை உடலுக்குத் தன் கழுத்தைப் பொருத்தி மின்கிதார்கள் கொடுத்திருக்கிறார், பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் விலையில் ஏமாந்துபோவோம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் செல்லுலாய்டு என்ற பழைய காலப் பிளாஸ்டிக். பழைய கிதார்களில் பிக்கார்டும் விளிம்புப் பட்டையும் அதில்தான். ஆமை ஓட்டின் நிறம் கொடுத்த செல்லுலாய்டு சில பத்தாண்டுகளில் தானாகவே சிதைய ஆரம்பிக்கும். முதலில் ஒரு காரமான நெடி, பிறகு மயிரிழை விரிசல்கள், பிறகு வெல்லப்பாகு முறிவது போலத் துண்டு துண்டாக உதிரும். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்திலிருக்கும் உலோகத்தை அரிக்கும். நான் பட்டு அறிந்தது இது. சில வருடங்களுக்கு முன் 1940களின் ஒரு நடுத்தர ஆர்ச்டாப் வாங்கினேன். விற்றவர் “பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன்” என்று பெருமையாகச் சொன்னார். நானும் அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி. பிக்கார்டின் அடிப்பகுதி பொடியாகிக் கிடந்தது. அதற்கு நேரே இருந்த டெயில்பீஸில் பச்சைப் பாசி போல் களிம்பு. ஒன்றாம், இரண்டாம் தந்திகளுக்கு அடியில் மட்டும் ஃப்ரெட்டுகள் கறுத்து அரித்திருந்தன. காற்று வாங்க முடியாமல் மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி வருடக்கணக்கில் சுற்றி வந்திருக்கிறது. யாராவது வாரம் ஒருமுறை எடுத்து வாசித்திருந்தால் நெடி முதல் நாளே தெரிந்திருக்கும், பிக்கார்டைக் கழற்றித் தனியாக வைத்திருக்கலாம், மற்றது தப்பியிருக்கும். மூன்று மாதச் சேமிப்பு ஃப்ரெட் மாற்றவே போனது.

பூட்டி வைப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் சேகரிப்பாளர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. ராக் இசை வந்து எல்லாரும் தடித்த பலகை மின்கிதாருக்குப் போன காலத்தில் இந்தப் பெரிய வயிற்றுக் கிதார்களைச் சீந்துவாரில்லை. அன்றைக்கு இவற்றைத் தேடித் தேடி வாங்கியவர்கள் இல்லையென்றால் பாதி கிதார்கள் இருந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். நியூ ஜெர்சியில் ஸ்காட் சினெரி என்றொருவர் இருந்தார். டாக்விஸ்டோ செய்து கொடுத்த ஒரு நீல நிற ஆர்ச்டாப்பில் மனதைப் பறிகொடுத்து, அதேபோல நீல நிறத்தில், 18 அங்குலத்தில் ஆளுக்கொன்று செய்து தரும்படி 22 கலைஞர்களிடம் கேட்டார். அந்த நீலக் கிதார்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் தன் சேகரத்தைத் திறந்துவிட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கிதார் கலைஞர்கள் மார்ட்டின் டெய்லரும் ஸ்டீவ் ஹோவும் அந்தக் கிதார்களை எடுத்து ஓர் இசைத்தொகுப்பே பதிவு செய்திருக்கிறார்கள். சினெரி 2000த்தில், நாற்பது வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கைப்பட்ட கிதார்களின் குரல் நமக்கு இருக்கிறது.

2011ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் டாஞ்செலிகோ, டாக்விஸ்டோ, ஜான் மான்டலியோனி என்ற கிதார்க் கைவினைஞர்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. போயிருந்தேன். 1957ல் செய்த, கண்ணீர்த்துளி மாதிரி ஒருபக்கம் நீண்டு இறங்கும் அபூர்வ நியூயார்க்கர் அங்கே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், அழகான வெளிச்சத்தில். கால் மணி நேரம் அசையாமல் பார்த்தேன், வீடு திரும்பும்போது ரயிலில் மனதில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கடையில் நாலு தட்டு கேட்டுவிட்டுப் போனதை மறக்க முடியவில்லை.

அன்று கிளம்பும்போது கடைக்காரரிடம் கேட்டேன்: வாசிப்பவனுக்குக் கேட்காது என்றால், இவர்களெல்லாம் எப்படிப் பழகினார்கள்? “சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள், மூலையாக இருந்தால் இன்னும் நல்லது” என்றார். “முன்னால் போன சத்தம் மோதித் திரும்பி உங்களிடம் வரும். நாங்கள் எல்லாரும் அப்படிப் பழகியவர்கள்தான்.” வெளியே வந்ததும் தம்பி நடக்கலாம் என்றான். கென்மேர் தெரு வரை நடந்தோம். டெலான்சி தெரு வழியாகப் பாலத்துக்குப் போகும் வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நாற்பதாம் எண் பக்கம் கொஞ்ச நேரம் நின்றோம். “இங்கேயா செஞ்சாரு?” என்று மட்டும் கேட்டான்.

ஃப்ரெட் மாற்றி, புதுப் பிக்கார்டு போட்ட என் ஆர்ச்டாப்பை இப்போது தினமும் எடுக்கிறேன். கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறேன். திரும்பி வரும் சத்தத்தில் என் வலது கையின் தடுமாற்றமெல்லாம் அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டாவது தட்டு முந்துகிறது, நாலாவது தட்டு இழுக்கிறது. இருபது வருடமாக இது எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மதுரையிலிருந்து கூப்பிட்டான். பேச்சுவாக்கில் கிதாரை எடுத்து, மேஜை மேல் போனை வைத்து, நாலு தட்டு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான்.

“அண்ணே, போனைக் கொண்டுபோய்க் கதவுகிட்ட வைங்க. அப்பறம் வாசிங்க.”